ஆக்சிஜன் எங்கே போகிறது?

ஹைட்ரஜன் பற்றிய விவாதங்களில் எரிவாயுவை நீராவியுடன் வினைபுரியச் செய்யும் ரிஃபார்மரும், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சும் மின்பகுப்புக் கலனும் எதிரெதிர்க் கட்சிகளாகவே நிற்கின்றன. முன்னதற்குச் சாம்பல், பின்னதற்குப் பச்சை என்று நிறமும் சூட்டியாயிற்று. ஆனால் திறந்து பார்த்தால் இரண்டிலும் ஒரே உலோகம் இருக்கிறது: நிக்கல். ரிஃபார்மர் குழாய்களில் அது அலுமினா உருண்டைகளின் மேல் படிந்து, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறது. காரவகைக் கலனில் வலையாகவும் தகடாகவும், 80 டிகிரியை ஒட்டிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மூழ்கியிருக்கிறது.

உலோகம் மட்டுமா? மூலப்பொருளிலும் பாதி பொதுவானது. ஒரு மீத்தேன் மூலக்கூறு முழுமையாக வினைபுரிந்தால் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்கின்றன. இரண்டு மீத்தேனுடையவை, மற்ற இரண்டும் நீராவியிலிருந்து வந்தவை. ஆக, ரிஃபார்மரும் பாதிக்குப் பாதி தண்ணீரைப் பிளக்கும் கருவிதான்.

பிரிந்த ஆக்சிஜன் எங்கே போகிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. ரிஃபார்மரில் கார்பன் அதைப் பற்றிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. அந்தப் பிணைப்பு தரும் ஆற்றலால், ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு, நீராவியைத் தனியே பிளக்கத் தேவையானதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே போதுமானதாகிறது. மின்பகுப்புக் கலனில் ஆக்சிஜனைப் பற்ற எதுவும் இல்லை. அது தூய வாயுவாக வெளியேற, முழுச் செலவையும் மின்சாரம் ஏற்கிறது. ரிஃபார்மரின் மலிவும் அதன் மாசும் ஒரே பிணைப்பிலிருந்து வருபவை.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ரிஃபார்மர், உலை எரிப்பையும் சேர்த்து, 9 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. கலனோ 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கேட்கிறது. அது நிலக்கரி மின்சாரமானால் கணக்கு 40 கிலோவைத் தாண்டிவிடும். எனவே கலனைப் பச்சை என்று சொல்லுமுன் அதற்கு வரும் மின்சாரத்தின் பூர்விகத்தை விசாரிக்க வேண்டும். நார்வேயின் ரியூகானிலும் பஞ்சாபின் நங்கலிலும் இந்தக் கேள்வி எழவில்லை. அங்கே உரத்துக்கான ஹைட்ரஜன் நீர்மின்சாரத்திலேயே பிறந்தது.

நிக்கலின் உடல்நலத்தைப் பார்த்தால் ஒப்பீடு இன்னும் சுவையாகிறது. ரிஃபார்மரில் அதற்கு எமன் கந்தகம். நுண்ணளவு இருந்தாலும் நிக்கலின் மேற்பரப்பு அடைபட்டுவிடும். அதனால் எரிவாயு முதலில் துத்தநாக ஆக்சைடு படுகை வழியாக வடிகட்டப்படுகிறது. கலனிலும் தூய்மைதான் நல்லது என்று எதிர்பார்ப்போம். ஆனால் கரைசலில் அசுத்தமாகக் கலந்த சிறிதளவு இரும்பு, ஆக்சிஜன் வெளியாகும் நிக்கல் முனையின் திறனை வெகுவாக உயர்த்துகிறது. ஆய்வாளர் டென்னிஸ் காரிகன் 1987-இல் இதைத் தெளிவாகக் காட்டினார். இன்று நிக்கலுடன் இரும்பை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். ரிஃபார்மருக்கு வரும் எரிவாயுவில் மாசை விரட்டுகிறோம். கலனின் முனையில் ஒரு மாசை விரும்பிக் குடியேற்றுகிறோம்.

நிறுத்தி ஓட்டுவதிலும் இத்தகைய வியப்பு உண்டு. ரிஃபார்மர் மெல்லச் சூடாகி, ஒரே சீராக ஓட விரும்பும். கலனை விளக்குப்போல் அணைத்து ஏற்றலாம் என்று தோன்றும், அப்படியில்லை. மேகம் மூடிச் சூரிய மின்சாரம் குறைந்தால் ஆக்சிஜன் உற்பத்தி மெலிகிறது, ஆனால் தடுப்புச் சவ்வின் வழியே கசியும் ஹைட்ரஜன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆக்சிஜனில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினால் வெடிக்கும் அபாயம் உண்டு. அதற்கு வெகுமுன்பே கலனை நிறுத்தியாக வேண்டும்.

இப்போது இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. குழாய்ச்சுவரிலேயே மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றும் ரிஃபார்மரை டென்மார்க் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். புகையும் உலை அதற்குத் தேவையில்லை. மறுபுறம், திட ஆக்சைடு மின்பகுப்புக் கலன் 700 டிகிரிக்கு மேல் நீராவியைப் பிளக்கிறது. தேவையான ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமே தருவதால் மின்செலவு குறைகிறது. அதன் ஹைட்ரஜன் முனை நிக்கலும் சிர்கோனியாவும் கலந்தது. அதே கலனை எரிபொருள் கலனாகத் திருப்பி, நீராவியோடு மீத்தேனைச் செலுத்தினால், அந்த நிக்கலே உள்ளிருந்தபடி ரிஃபார்மர் வேலையையும் பார்த்துவிடுகிறது.