கடன்பட்ட பின் ஏறிய வட்டி

ஒருவர் மற்றொருவரிடம் பணம் பெறுமிடத்து, கடன் வாங்கிய நாளிற் பேசிய வட்டியே கடன் தீரும் நாள்வரை நிற்கும் என்பது நெடுங்காலமாக உலகம் ஒப்புக்கொண்ட வழக்கு. வட்டி கடுமையாக இருக்கலாம். கடன் கொடுத்தவர் இரக்கமற்றவராகவும் இருக்கலாம். ஆயினும், கைச்சாத்திட்ட பத்திரத்திலே நூற்றுக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தால், ஆறு மாதஞ் சென்றபின் கடன் கொடுத்தவர் தம் வீட்டிலிருந்தபடியே அதனை நூற்றுக்கு முப்பது எனத் திருத்திவிட முடியாது. அவ்வாறு திருத்தினால் அச் செயலுக்கு வேறு பெயர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே, செல்வத்தில் முன்னணியில் நின்ற ஐக்கிய அமெரிக்காவில் இந்த வழக்குத் தலைகீழாயிற்று. கடனட்டை என்னும் சிறு பிளாஸ்ரிக் துண்டே அதற்குக் கருவியாக அமைந்தது.

கடனட்டை தோன்றியபோது வட்டிப் பேச்சே அதிலில்லை. 1950ஆம் ஆண்டு நியூ யோர்க் நகரில் ஆரம்பிக்கப்பட்ட டைனர்ஸ் கிளப் தன் உறுப்பினருக்கு வழங்கிய அட்டை, உணவுச்சாலைகளிற் கைப்பணம் இன்றி உண்டு, மாதமுடிவில் முழுத் தொகையையும் செலுத்துவதற்கு உதவியது. அவ்வளவே. கடனைச் சிறிது சிறிதாகத் தீர்க்கலாம், எஞ்சியதற்கு வட்டி தரலாம் என்னும் முறையைப் பெருமளவிற் பரப்பியது கலிபோர்ணியாவின் பாங்க் ஒப் அமெரிக்கா. 1958ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பிரெஸ்னோ என்னும் நகரத்து மக்களுக்கு, அவர்கள் கேளாமலே, ஏறத்தாழ 60,000 அட்டைகள் தபால் மூலம் சென்றடைந்தன. வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை, ஆண்டுக்குப் பதினெட்டு. கேட்காதவர் வீட்டுக்குக் கடனை அனுப்பும் இவ்வழக்கம் பல தொல்லைகளை விளைத்தமையால், 1970இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதனைச் சட்டத்தால் தடுத்தது. பிரெஸ்னோவிற் பிறந்த அட்டையே 1976ஆம் ஆண்டு முதல் விசா என்னும் பெயரைப் பெற்றது.

அந்நாளில் வட்டிக்கு ஓர் எல்லை இருந்தது. கடுவட்டியைத் தடுக்கும் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே உண்டு. மினசோட்டாவிலே கடனட்டைக் கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேற்படலாகாது. நியூ யோர்க்கிலே முதல் 500 டொலருக்குப் பதினெட்டு, அதற்கு மேற்பட்ட தொகைக்குப் பன்னிரண்டு. கடன்பட்டவர் தாம் வாழும் மாநிலத்தின் சட்டமே தமக்குக் காவல் என நம்பியிருந்தார். அந்தக் காவலைத் தகர்த்தது ஒரு புதிய சட்டமன்று. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய சட்டமொன்றில் இருந்த ஒரு சொல்லாகும்.

உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலத்தில், 1864இல் இயற்றப்பட்ட தேசிய வங்கிச் சட்டம், ஒரு தேசிய வங்கி தான் ‘அமைந்துள்ள’ மாநிலத்தின் சட்டம் அனுமதிக்கும் வட்டியை வாங்கலாம் என்று கூறிற்று. குதிரை வண்டிக் காலத்திலே இச்சொல்லில் ஐயமெதுவும் எழவில்லை. வங்கி எங்கேயோ, வாடிக்கையாளரும் அங்கேயே. ஆனால், நெபிராஸ்கா மாநிலத்து ஒமாகா நகர வங்கியொன்று தன் கடனட்டைகளைத் தபால் மூலம் மினசோட்டாவில் வாழ்வோருக்கு அனுப்பத் தொடங்கியபோது, அச் சொல்லின் பொருள் யாது என்னும் வினா எழுந்தது. நெபிராஸ்காவில் முதல் 1,000 டொலர் வரைக்கும் பதினெட்டு வீதம் வாங்கலாம். மினசோட்டாவில் வாழ்பவரிடம் அவ்வட்டியை வாங்கலாமா?

வழக்கைத் தொடுத்தது கடன்பட்டோர் சங்கம் எதுவுமன்று. மினியாப்பொலிஸ் நகரத்து மார்க்கெற் தேசிய வங்கியே. பன்னிரண்டு வீதத்துக்குக் கட்டுப்பட்ட அவ்வங்கி, செலவை ஈடுசெய்ய ஆண்டுக்குப் 10 டொலர் கட்டணம் வாங்கிற்று; ஒமாகா வங்கியோ கட்டணமின்றி அட்டை கொடுத்து, வட்டியிலே மிகுதியைப் பெற்றுக்கொண்டது. தன் வாடிக்கையாளர் கைநழுவுவதைக் காணப் பொறாத வங்கியொன்று, வட்டி எல்லையைக் காக்கும் பொருட்டு நீதிமன்ற வாயிலில் நின்றமை இவ்வரலாற்றில் வேடிக்கையான ஒரு கட்டமாகும். 1978ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் பிரெனன் எழுதிய அத்தீர்ப்பு ஒருமனதானது. வங்கி அமைந்துள்ள இடம் நெபிராஸ்கா. ஆகவே நெபிராஸ்காவின் வட்டியையே அது எந்த மாநிலத்தவரிடமும் வாங்கலாம். இதனால் மாநிலங்களின் வட்டிச் சட்டங்கள் வலுவிழக்கலாம் என்பதை நீதிமன்றம் உணராமலில்லை. அதனைத் திருத்துவது காங்கிரசின் பொறுப்பு என்று கூறி அமைந்தது. காங்கிரஸ் திருத்தவில்லை.

தீர்ப்பு வெளிவந்த காலமோ விலைவாசி பொங்கியெழுந்த காலம். மத்திய வங்கி பணவீக்கத்தை அடக்க முற்பட்டதனால், 1980 டிசெம்பரில் வங்கிகளின் முதன்மை வட்டி வீதம் 21½ வரை உயர்ந்தது. அவ் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கடனைக் கட்டுப்படுத்த விதிகள் விதித்தபோது, மக்களிற் சிலர் தம் அட்டைகளைக் கத்தரித்து வெள்ளை மாளிகைக்கே அனுப்பினர். இருபது வீதத்துக்குப் பணத்தைப் பெற்றுப் பதினெட்டுக்கும் பன்னிரண்டுக்கும் கொடுத்துவந்த நியூ யோர்க் சிற்றி பாங்குக்குக் கடனட்டைத் தொழில் பெரும் பாரமாயிற்று. அதன் தலைவர் வோல்ரர் றிஸ்ரன் வட்டிக்கு எல்லை விதிக்காத ஒரு மாநிலத்தைத் தேடினார். அது தென் டக்கோட்டாவிற் கிடைத்தது.

தென் டக்கோட்டாவின் மக்கட்டொகை அப்போது ஏழு இலட்சத்துக்குங் குறைவு. வேளாண்மையை நம்பிய அம்மாநிலம் பொருளாதார நலிவிற் சிக்கியிருந்தது. தன் உள்ளூர் வங்கிகள் தத்தளித்தமையால் வட்டி எல்லையை அது அப்போதுதான் நீக்கியிருந்தது. வேற்று மாநில வங்கியொன்று உள்ளே வருவதற்கு மாநிலத்தின் வெளிப்படையான அழைப்பு வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். கவர்னர் வில்லியம் ஜாங்க்ளோவும் சட்டசபையும் அவ்வழைப்பை 1980இல் மிக விரைவிலே சட்டமாக்கிக் கொடுத்தனர். 1981இல் சிற்றி பாங்கின் கடனட்டைத் தொழில் சூ போல்ஸ் நகரில் அமைந்தது. வேலையின்றி இருந்த ஒரு மாநிலம் தன் மக்களுக்கு வேலை தேடியதைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆயினும், அந்த ஏழு இலட்சம் மக்களின் சட்டசபை எடுத்த முடிவு, அதனைத் தெரிவுசெய்ய வாக்களியாத கோடிக்கணக்கானோரின் வட்டியைத் தீர்மானித்தது. அதே 1981இல் டெலவெயர் மாநிலமும், வட்டியை வங்கி விரும்பியவாறு வைத்துக்கொள்ளவும், நிபந்தனைகளைப் பின்னர் திருத்திக்கொள்ளவும் இடந்தரும் சட்டமொன்றை இயற்றிற்று. நியூ யோர்க்கின் பெரிய வங்கிகள் பலவும் அங்கே கிளை அமைத்தன. 1996இல் உயர் நீதிமன்றம், தாமதக் கட்டணமும் சட்டத்தின் கண்ணில் வட்டியே என்று தீர்த்தபோது, கட்டணங்களுக்கு இருந்த மாநில எல்லையும் அகன்றது.

ஒருமுறை மாத்திரம் பழைய எல்லை மீளும்போலத் தோன்றியது. 1991 நவம்பரில், கடனட்டை வட்டி 14 வீதத்தைத் தாண்டலாகாது என்னும் திருத்தத்தை அமெரிக்க செனற் சபை 74க்கு 19 என்னும் வாக்குகளால் ஏற்றது. இரண்டு நாட் கழித்துப் பங்குச் சந்தை 120 புள்ளிகள் சரிந்தது. திருத்தமும் அத்துடன் கைவிடப்பட்டது.

இங்ஙனம் உயர்வுக்கு எல்லை அகன்றதோடு, உயர்த்தும் வேளைக்கும் எல்லை இல்லாதொழிந்தது. ஒப்பந்தத்தின் பொடியெழுத்துக்களிடையே, எந்த நேரத்திலும் எக்காரணத்தாலும் நிபந்தனைகளை மாற்றலாம் என்னும் வாசகம் இடம்பெற்றது. பதினைந்து நாள் அறிவித்தல் போதும். அவ்வறிவித்தலும் விளம்பரத் துண்டுகளோடு ஒன்றாக உறையில் வந்தமையாற் பெரும்பாலோர் அதனைப் படியாமலே எறிந்தனர். இவற்றுள் மிகவும் கொடியது வேறிடத்துத் தவறுக்காக வட்டியை ஏற்றும் முறை. ஒருவர் தம் அட்டைக் கடனை ஒரு நாளேனும் தவறாது செலுத்திவந்திருப்பார். தொலைபேசிக் கட்டணத்தையோ வேறொரு கடனையோ செலுத்தச் சற்றுத் தாமதித்திருப்பார். அது கடன் நன்மதிப்புப் பதிவேட்டில் ஏறும். அதனைக் கண்ட அட்டை வங்கி வட்டியை மும்மடங்காக்கும். அவ்வட்டி இனிமேல் வாங்கப்போகும் பொருளுக்கு மட்டுமன்று. ஈராண்டுக்கு முன் வாங்கி, உண்டும் உடுத்தும் தீர்ந்துபோன பொருளுக்கும் உரியது.

இதனைக் கணக்கிற் காண்பது எளிது. 5,000 டொலர் கடன்பட்ட ஒருவர் மாதம் 100 டொலர் செலுத்துகிறார் என்க. வட்டி பத்து வீதமாயின், ஏறக்குறைய 42 டொலர் வட்டிக்குப் போக, 58 டொலர் முதலிற் கழியும். வட்டி முப்பது வீதமாயின், மாத வட்டியே 125 டொலர். அதே நூறு டொலரைத் தவறாது செலுத்தியும் அவருடைய கடன் மாதந்தோறும் 25 டொலர் வளரும். 2007 மார்ச் மாதத்தில் செனற்றர் கார்ல் லெவின் நடத்திய விசாரணையிலே ஒஹையோ மாநிலத்தவர் ஒருவர் அளித்த சாட்சியம் இதனை எல்லோரும் அறியச் செய்தது. அவர் அட்டையில் வாங்கியது 3,200 டொலர். வரம்பு மீறியமைக்கு மாத்திரம் 47 முறை கட்டணம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 6,300 டொலர் செலுத்திய பின்பும் 4,400 டொலர் பாக்கி நின்றது.

திடீரெனக் கூடிய வட்டிக்கு ஆளானோர் செய்தது என்ன? சிலர் வங்கியைத் தொலைபேசியில் அழைத்து வாதாடினர். நெடுநாள் வாடிக்கையாளர் கணக்கை முடித்துக்கொள்ளப்போவதாகக் கூறியபோது வட்டி குறைந்ததும் உண்டு. சிலர், சில மாதங்களுக்குக் குறைந்த வட்டி தருவதாகச் சொன்ன வேறு வங்கிக்குக் கடனை மாற்றினர். சலுகைக் காலம் முடிந்ததும் பழைய கதை புதிய அட்டையிலே தொடர்ந்தது. தவணை தவறாமையொன்றே காவல் என நினைத்தோர், செலுத்தும் நாளே மாதத்துக்கு மாதம் மாறுவதைக் கண்டு திகைத்தனர். தனி மனிதரின் விழிப்பு இவ்விடத்தில் ஓரளவுக்கே பயன்பட்டது.

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி, நெடுநாட் பேசப்பட்டதைச் செயலாக்கிற்று. அவ் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி, பழைய தீர்ப்புக்கு முப்பது ஆண்டு நிறைந்த அதே நாளில், மத்திய வங்கி பழைய கடனுக்கு வட்டி ஏற்றுவதைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. ஆயின் அவை 2010 ஜூலையிலேயே நடைமுறைக்கு வரும் என்றது. காங்கிரஸ் அதுவரை பொறுக்கவில்லை. கடனட்டைச் சட்டம் செனற்றில் 90க்கு 5 என்னும் வாக்குகளால் நிறைவேற, 2009 மே 22இல் ஜனாதிபதி ஒபாமா அதிற் கைச்சாத்திட்டார். தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி கொண்டுசெல்லலாம் என்னும் விதியொன்றும் அதே சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது; அமெரிக்கச் சட்டமியற்றும் முறையின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

இச்சட்டம் வட்டிக்கு எல்லை வகுக்கவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, எப்போது என்பதையே அது பற்றிக்கொண்டது. கணக்குத் தொடங்கிய முதலாண்டில் பொதுவாக வட்டியை ஏற்றலாகாது. அதன்பின் ஏற்றுவதாயின் 45 நாட்களுக்கு முன் அறிவித்தல் வேண்டும். ஏற்றிய வட்டி புதிய கொள்வனவுக்கே உரியது. ஏலவே பட்ட கடன் பழைய வட்டியிலேயே நிற்கும். அறுபது நாட்களுக்கு மேல் தவணை தவறியவர் இதற்கு விலக்கு. அவரும் தொடர்ந்து ஆறு மாதம் ஒழுங்காகச் செலுத்தினாற் பழைய வட்டியை மீளப் பெறுவார். கணக்கை மூடிவிட்டுப் பழைய கடனை ஐந்தாண்டில் தீர்க்கும் வழியும் உண்டு. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வந்த நாள் 2010 பெப்ரவரி 22. கைச்சாத்திட்ட நாளுக்கும் அதற்குமிடையே ஒன்பது மாத இடைவெளி. அந்த ஒன்பது மாதத்தில் வங்கிகள் பல தம் வாடிக்கையாளரின் வட்டியை அவசர அவசரமாக ஏற்றிவைத்துக்கொண்டன. சட்டம் காக்க வந்த பழைய கடன், சட்டம் வந்துசேருமுன்னரே விலையேறிவிட்டது.

மற்றொரு வழியும் திறந்தே விடப்பட்டது. வங்கிகளின் முதன்மை வீதத்தோடு இணைக்கப்பட்ட மாறும் வட்டியாயின், அவ்வீதம் ஏறும்போது பழைய கடனுக்கும் வட்டி ஏறலாம். 45 நாள் அறிவித்தலும் வேண்டியதில்லை. அதன்பின் அமெரிக்கக் கடனட்டைகளிற் பெரும்பாலானவை மாறும் வட்டியையே தழுவின. 2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை மத்திய வங்கி பதினொரு முறை வட்டியை உயர்த்திற்று. முதன்மை வீதம் 3¼ இலிருந்து 8½க்கு ஏறியது. கடனட்டையின் சராசரி வட்டி இருபது வீதத்தைத் தாண்டியது. இம்முறை எந்த வீட்டுக்கும் அறிவித்தற் கடிதம் சென்றாக வேண்டும் என்னும் கட்டாயம் இருக்கவில்லை. மாதக் கணக்குச் சீட்டின் கீழ்ப்பகுதியிலே, வட்டி வீதத்துக்குரிய கட்டத்திலே, எண் மட்டும் மாறியிருந்தது.