டோல்கேட்டும் ஒரு சின்ன ஸ்டிக்கரும்

சுங்கம் என்றதும் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடம்தான் முதலில் ஞாபகம் வரும். 1070ல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஒரு பெயர். எத்தனையோ போர்கள் நடத்திய ராஜாவை, வரியை எடுத்ததற்காக ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த வரி எவ்வளவு கசந்திருக்கும்!

ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சுங்கம் சரக்கின் மேல் போட்டது. இன்றைய டோல்கேட் வசூல், சாலையைப் பயன்படுத்துவதற்காக வண்டியின் மேல் போடுவது. இரண்டும் வேறு வேறு. (இந்த வித்தியாசத்தை கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.)

திண்டுக்கல்லுக்கு வருவோம். பூட்டு, பிரியாணி என்று ஊரைச் சொல்வார்கள், ஆனால் வியாபாரத்துக்கு இந்த ஊரின் பெரிய சொத்து சாலைகள்தான். பழைய எண்களில் சொன்னால் தேசிய நெடுஞ்சாலை 7, 45, 209 மூன்றும் இங்கே சந்தித்தன. இதில் 7ம் எண் சாலைதான் இப்போது 44, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போவது. அது நான்குவழிச் சாலையானதும் பயணம் வேகமானது, கூடவே டோல்கேட்டும் வந்தது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் இருப்பது கொடைரோடு சுங்கச்சாவடி. அந்த ஊர்ப் பெயரே ஒரு போக்குவரத்துக் கதை. 1875ல் திருச்சி-மதுரை ரயில் பாதை வந்தபோது, கொடைக்கானல் போகிறவர்கள் இறங்கும் ஸ்டேஷன் என்பதால் வந்த பெயர்.

பணம் கொடுத்துக் கடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வண்டி நிற்க வேண்டும், கண்ணாடியை இறக்க வேண்டும், நோட்டை நீட்ட வேண்டும், சில்லறைக்குக் காத்திருக்க வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், பிறகுதான் தடுப்புக் கட்டை எழும்பும். பொங்கல், தீபாவளி சமயத்தில் வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியாது. லாரி டிரைவருக்கு இன்னொரு தொல்லை. நடை முடிந்து வந்ததும் டோல் சீட்டுகளை எல்லாம் எண்ணி முதலாளியிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒரு சீட்டு காற்றில் பறந்தால் அது அவர் கைக்காசு..

நிற்காமலே வசூலிக்கலாம் என்ற யோசனை ரொம்பப் பழையது. வில்லியம் விக்ரி என்ற பொருளாதார நிபுணர் 1959லேயே வாஷிங்டன் நகரத்துக்கு இதைச் சொன்னார். ஒவ்வொரு காரிலும் ஒரு மின்னணுக் கருவி, சாலையில் அதைப் படிக்க ஒரு சாதனம், மாதக் கடைசியில் வீட்டுக்கு பில். யாரும் கேட்கவில்லை. 1996ல் வேறு ஆய்வுகளுக்காக அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், மூன்றாம் நாள் இறந்து போனார் மனிதர். சிங்கப்பூர் 1975ல் காகித அனுமதிச் சீட்டோடு ஆரம்பித்து, 1998ல் மின்னணு முறைக்கு மாறியது. அங்கே நோக்கம் ஊருக்குள் வரும் கார்களைக் குறைப்பது. நம் ஊரில் நோக்கம் சாலை போட்ட காசை எடுப்பது.

இந்தியாவுக்கு எது சரிப்படும் என்று பார்க்க 2010ல் நந்தன் நிலேகணி தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆர்.எஃப்.ஐ.டி. ஸ்டிக்கர். இதில் பேட்டரி கிடையாது. மேலே உள்ள ஆண்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே கொஞ்சம் சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். மலிவு என்பதுதான் இதன் பலம். 2014ல் அகமதாபாத்-மும்பை சாலையில் சோதனை, 2015ல் சென்னை-பெங்களூரு சாலை. ஃபாஸ்டேக் என்று பெயர். 2017 டிசம்பர் முதல் புதிய நான்கு சக்கர வண்டிகளுக்குக் கட்டாயம். எல்லோருக்கும் கட்டாயம் என்ற தேதி மட்டும் கல்யாணத் தேதி மாதிரி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் 2021 பிப்ரவரி 15 நள்ளிரவில் அமலுக்கு வந்தது. அப்போது ஸ்டிக்கர் இல்லாவிட்டால் இரண்டு மடங்கு கட்ட வேண்டியிருந்தது.

அதே 2021 மே மாதத்தில் நெடுஞ்சாலை ஆணையம் ஒரு துணிச்சலான விதி போட்டது. ஒரு வண்டிக்கு 10 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது, வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் முன்னால் நிற்கும் வண்டிகளைக் காசில்லாமல் விட வேண்டும். அதற்கென மஞ்சள் கோடும் போடச் சொன்னார்கள். 2024ல் அந்த விதியையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஜனங்களுக்குக் கிடைத்த ஒரே உத்தரவாதம் அதுதான், அது மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கியது.

இனி சரக்கு விஷயம். ஜி.எஸ்.டி. வந்த 2017ல் வணிக வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அதற்குப் பதிலாக வந்தது இ-வே பில். வெளி மாநிலத்துக்கு 2018 ஏப்ரலிலும், தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2லும் ஆரம்பம். வேடசந்தூர் பக்கம் நூல் மில்லிலிருந்து பாரம் ஏற்றும் லாரிக்கு இந்த பில் இல்லாமல் முடியாது. 2021 ஜனவரியில் இ-வே பில்லை ஃபாஸ்டேக்கோடு இணைத்தார்கள். லாரி எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது வரி அதிகாரியின் திரைக்குப் போய்விடும். ஒரே பில்லைக் காட்டி இரண்டு நடை அடித்தால் தெரிந்துவிடும். பில்லே இல்லாமல் போனாலும் தெரிந்துவிடும்.

ஆக, சாலைக் கட்டணத்துக்காக ஒட்டிய ஸ்டிக்கர் இப்போது சரக்கையும் எண்ணுகிறது. குலோத்துங்கன் தவிர்த்த பழைய சுங்கத்தின் வேலையை, ஆளில்லாமல், வண்டியை நிறுத்தாமல் செய்கிறது. நேர்மையாக பில் போடும் மில்காரருக்கு இது லாபம்தான், ஏமாற்றி மலிவாக விற்கும் போட்டியாளர் குறைவார். ஆனால் ஒரு தனி மனிதர் எப்போது எந்த ஊருக்குப் போனார் என்ற விவரமும் அதே கணக்கில்தான் சேர்கிறது. வரிசையில் நிற்க வைத்த காலத்தில் அந்தப் பழைய சீட்டுக்கு வண்டிக்காரரின் பெயர் தெரியாது.

2025 ஆகஸ்ட் 15ல் 3000 ரூபாய்க்கு ஒரு வருட பாஸ் வந்தது, ஒரு வருடம் அல்லது 200 முறை. சொந்தக் கார், ஜீப், வேன் மட்டும்தான். லாரிக்குக் கிடையாது, அது டோல்கேட்டில் கட்டணம் கட்டித்தான் போக வேண்டும்.