மாற்று மின்னஞ்சல் வழங்கி

முதன்மை மின்னஞ்சல் வழங்கி முடங்கும்போது, அதற்கு வரும் அஞ்சல்களை ஏற்று வரிசையில் வைத்திருந்து, அது மீண்டதும் ஒப்படைக்கும் இரண்டாம் வழங்கி. அஞ்சலை ஏற்கும் வழங்கிகளைக் காட்டும் டிஎன்எஸ் எம்எக்ஸ் பதிவில் முதன்மைக்கு 10, மாற்றுக்கு 20 என எண் இடுவது வழக்கம். சிறிய எண்ணே முதலில் அணுகப்படும். இம்முறையை 1986இல் ஆர்எஃப்சி 974 என்னும் இணைய ஆவணம் வகுத்தது.

தொலைபேசிவழி இணைப்புக் காலத்தில் இதன் தேவை பெரிதாக இருந்தது. மலேசியாவில் ஜாரிங் இணையச் சேவை 1992இல் தொடங்கியது. விட்டுவிட்டு இணையும் அலுவலகங்கள் காத்திருக்கும் அஞ்சலைக் கேட்டு வாங்க உதவும் ஈடிஆர்என் கட்டளை 1996இல் வந்தது.

இன்றும் இடத் தேர்வு முக்கியம்: எடுத்துக்காட்டாக, ஈப்போ அலுவலகம் ஒன்று இரு வழங்கிகளையும் ஒரே கட்டடத்தில் வைப்பது வீண். பேராக்கின் மாலைநேர இடிமின்னல் இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிடக்கூடும். மற்றொன்று கோலாலம்பூரில் இருக்கலாம். சுங்கை சிப்புட் போன்ற, முன்பு ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர்களின் சிறு சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

மாற்று வழங்கியிடம் செல்லுபடியாகும் முகவரிப் பட்டியல் கட்டாயம் இருக்க வேண்டும். எரிதம் எனப்படும் வேண்டாத அஞ்சல்களை அனுப்புவோர் பலர் காவல் குறைந்த இந்த வாசலையே நாடுகின்றனர். பட்டியல் இல்லாவிட்டால், இல்லாத முகவரிக்கு வந்தவற்றையும் ஏற்று, பிறகு போலி அனுப்புநர்களுக்குத் திருப்பி அனுப்பி, வழங்கியே தடைப்பட்டியலில் சேரும். எரித வடிகட்டியும் முதன்மையில் உள்ளதற்கு இணையாக இருக்க வேண்டும்.

அனுப்பும் வழங்கிகளே பொதுவாக 4, 5 நாள்கள் மீண்டும் முயல்வதால், சில மணி நேர முடக்கத்திற்கு மாற்று வழங்கி தேவையில்லை. பழைய அஞ்சல்களின் காப்பு நகலையும் இது தராது. சிறு அலுவலகங்கள் முதலில் செலவிட வேண்டியது அந்த நகலுக்கே.