ஆர்வி-9ஏ, ஆர்வி-12: பிட்ச் பிசகினால் யாருக்கு என்ன நேரும்?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், அரோரா என்ற ஊரிலிருந்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விமானங்களைக் கிட்டுகளாக விற்கிறது. வாங்கியவரே ரிவெட் அடித்துக் கட்டி முடிக்கலாம். அவற்றுள் ஆர்வி-9ஏ, ஆர்வி-12 இரண்டும் இருவர் அமரும் சிறு விமானங்கள். தோற்றத்தில் நெருங்கிய உறவு, ஆனால் எஞ்சின் மூடியைத் திறந்தால் இரண்டு வேறு உலகங்கள்.

ஆர்வி-9ஏ கட்டுபவர்களில் பலர் லைகமிங் ஓ-320 எஞ்சினைப் பொருத்துகிறார்கள். கொள்ளளவு 5.2 லிட்டர். நிமிடத்துக்கு 2700 சுற்றில் 160 குதிரைத்திறன் தரும். ப்ரொப்பெல்லர் நேராக கிராங்க் ஷாஃப்டின் முனையிலேயே இருப்பதால் எஞ்சின் சுற்றுவதும் ப்ரொப்பெல்லர் சுற்றுவதும் ஒரே வேகம். ஆர்வி-12இல் இருப்பது ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ். வெறும் 1.35 லிட்டர்தான், ஆனால் 5800 சுற்றில் 100 குதிரைத்திறன். அந்த வேகத்தில் ப்ரொப்பெல்லரைச் சுற்றினால் பிளேடு நுனி ஒலியின் வேகத்தைக் கடந்துவிடும். அதனால் நடுவே 2.43க்கு 1 என்ற விகிதத்தில் ஒரு கியர்பாக்ஸ். எஞ்சின் 5800இல் ஓடும்போது ப்ரொப்பெல்லர் சுமார் 2390இல் சுற்றும்.

கட்டி முடித்த விமானத்தில் முதலில் தலைவலி கொடுப்பது பிட்ச். பிளேடு காற்றில் நழுவாமல் முன்னேறினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு அது. 80 அங்குல பிட்ச், 2700 சுற்று என்றால் மணிக்கு சுமார் 329 கிலோமீட்டர். இந்த எண் கட்டுபவரை மயக்கிவிடும். ஆனால் ஓடுதளத்தில் நின்றபடி த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால், அதே பிளேடு காற்றை மிகச் செங்குத்தான கோணத்தில் அடிக்கும். எஞ்சினால் 2700ஐத் தொட முடியாது. 2250தான் எட்டியது என்று வைத்துக்கொள்வோம். முழு த்ராட்டிலில் முறுக்குவிசை பெரிதாக மாறாது என்பதால், கிடைக்கும் திறன் சுற்று வேகத்தோடு சேர்ந்தே குறையும். 160 குதிரைத்திறனுக்குக் காசு கொடுத்தவருக்குப் புறப்படும் நேரத்தில் கிடைப்பது 130 சொச்சம். மேலே போய் வேகம் கூடினால் சுற்றும் கூடும், திறனும் திரும்பி வரும். ஆனால் அதுவரை ஓடுதளம் நீளமாக இருக்க வேண்டும், எதிரே மரங்கள் இருக்கக்கூடாது.

ரோட்டாக்ஸில் கதை வேறு. 5800க்குப் பதில் 5000தான் வந்தாலும் திறன் இழப்பு பத்தில் ஒரு பங்கு அளவுதான், ஏனென்றால் அந்த எஞ்சினின் முறுக்குவிசை உச்சம் 5100ஐ ஒட்டியே இருக்கிறது. விமானம் சுமாராக ஏறிவிடும். ஓட்டுபவருக்கு எதுவும் உறைக்காது என்பதுதான் ஆபத்து. முழு த்ராட்டிலில் 5200க்குக் கீழே ஓட்ட வேண்டாம் என்கிறது ரோட்டாக்ஸின் அறிவுரை. பத்துக்கு மேல் கம்ப்ரெஷன் விகிதம் கொண்ட சிறு எஞ்சின் அது. மேட்டில் டாப் கியரிலேயே பைக்கை இழுப்பதைப் போல, உயர் அழுத்தத்தில் குறைந்த சுற்றில் அதை வதைத்தால் டெட்டனேஷனுக்கும் (எரிபொருள் கலவை சீராக எரியாமல் வெடிப்பது) கிராங்க் பாகங்களின் தேய்மானத்துக்கும் வழி திறக்கிறோம்.

திருத்துவதிலும் இரண்டும் ஒன்றல்ல. ஆர்வி-12இன் சென்சனிச் ப்ரொப்பெல்லரைத் தரையில் நிறுத்தி, பிளேடுகளைத் தளர்த்தி, கோணம் மாற்றிக்கொள்ளலாம். ஒரு டிகிரி மாற்றம் எஞ்சின் வேகத்தைச் சில நூறு சுற்றுகள் நகர்த்தும். இரண்டு பிளேடுகளும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு. 9ஏ-யின் நிலையான உலோக ப்ரொப்பெல்லரைக் கழற்றி, ப்ரொப்பெல்லர் பட்டறைக்கு அனுப்பித்தான் வளைக்க வேண்டும். செலவும் காத்திருப்பும் கூடுதல். இந்த ஒரு விஷயத்தில் ஆர்வி-12 தெளிவாக முந்துகிறது.

பிட்ச் குறைந்தால் என்ன ஆகும்? லைகமிங் சமநிலைப் பறப்பில் 2700ஐத் தாண்டப் பார்க்கும். ரோட்டாக்ஸ் 5800ஐ நெருங்கும், அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது, தொடர்ந்து ஓட்ட 5500தான் வரம்பு. இரண்டிலும் த்ராட்டிலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் தீர்ந்தது. பிட்ச் கூடிய விமானத்தில் அப்படி இழுக்க எதுவும் இல்லை, த்ராட்டில் ஏற்கெனவே முழுக்க முன்னால் இருக்கிறது. என் கணிப்பில் இந்த ஒப்பீட்டின் மையமே இதுதான்.

இத்தனை முடிவுகளும் டாக்கோமீட்டர் சொல்லும் எண்ணை நம்பி எடுப்பவை. அந்த மீட்டரே 100 சுற்று பொய் சொன்னால் அளந்ததெல்லாம் வீண். கையில் பிடிக்கும் ஆப்டிகல் மீட்டரால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ரோட்டாக்ஸ்காரர்கள் அதில் கிடைக்கும் ப்ரொப்பெல்லர் வேகத்தை 2.43ஆல் பெருக்க மறக்கக்கூடாது.

அமெரிக்காவில் தாமே கட்டிய விமானங்களுக்கு வழக்கமான முதற்கட்டச் சோதனை, சான்று பெற்ற எஞ்சின்–ப்ரொப்பெல்லர் ஜோடி என்றால் 25 மணி நேரம், இல்லையென்றால் 40. வேகத்துக்கான பிட்சைத் தேட அந்த மணிகள் போதும். முதல் பறப்புக்கு மட்டும், எந்த எஞ்சினாக இருந்தாலும், ஏற்றத்துக்கு ஏற்ற குறைந்த பிட்சோடு கிளம்புங்கள்.