புத்தகத்துக்கு முன்பே வந்த நோட்ஸ்

இயற்பியல் மாணவர்களின் நோட்ஸ் என்றாலே நம்மில் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. பாடநூலைப் புரட்டச் சோம்பல்படுபவர்களின் குறுக்குவழி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இந்தத் துறையின் வரலாற்றில் நோட்ஸ்தான் பல முறை முந்திக்கொண்டது. புத்தகம் ஆற அமரப் பின்னால் வந்தது. 1940களின் இறுதியில் ஷ்விங்கரும் ஃபைன்மனும் டோமோனாகாவும் குவாண்டம் மின்னியக்கவியலுக்குப் புது வடிவம் கொடுத்தார்கள். மூவரின் வழிகளும் ஒன்றுதான் என்று 1949இல் நிறுவிக்காட்டிய ஃப்ரீமன் டைசன், 1951இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாக நடத்தினார். ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்த விஷயம், சைக்ளோஸ்டைல் தாள்களில் கோவையாகிக் கைமாறியது. அந்தக் குறிப்புகள் அச்சுப் புத்தகமாக வந்தது 2007இல்தான். அதற்குள் ஒரு தலைமுறையே அவற்றைப் படித்து முடித்திருந்தது.

சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி செய்ததை இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 1949இல் அவர் நடத்திய அணுக்கரு இயற்பியல் வகுப்பை ஓரியர், ரோசன்ஃபெல்ட், ஷ்லூட்டர் என்ற மூன்று மாணவர்கள் தொகுத்தார்கள். அது புத்தகமாகவும் வந்தது. 1954இல் குவாண்டம் இயக்கவியல் நடத்தியபோது குறிப்புகளை அவரே கைப்பட எழுதி, படியெடுத்துக் கொடுத்துவிட்டார். சமன்பாடுகள், அவற்றுக்கிடையே ஓரிரு சொற்கள், அவ்வளவுதான். விளக்கமெல்லாம் வகுப்பில் வாய்மொழியாக. அந்த ஆண்டு நவம்பரில் ஃபெர்மி காலமானார். 1961இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் அந்தத் தாள்களை அவர் கையெழுத்திலேயே வெளியிட்டது.

கையால் எழுதினால்தானே மனத்தில் பதியும், ஆயத்த நோட்ஸ் அதைக் கெடுத்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் ஃபாரடே 1812இல் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, படங்களோடு விரித்தெழுதி, தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்தது. ஆனால் ஃபாரடே கேட்டது நான்கே சொற்பொழிவுகள். பருவம் முழுக்கக் குவாண்டம் இயக்கவியல் கேட்பவர்கள், கரும்பலகையிலுள்ள குறிகளை ஓடி ஓடி எழுதுவதிலேயே பாடத்தைத் தவறவிடுகிறார்கள். ஒரு கழித்தல் குறி விட்டுப்போனால் அடுத்த பக்கமெல்லாம் பிழை. ஃபெர்மி இந்த எழுத்து வேலையை மட்டுமே தம் தலையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒரு கணக்கைக் கொடுத்து, கை உழைப்பை மாணவர்களிடமே விட்டார். நோட்ஸில் பிழை மலியும் என்பது இன்னொரு குறை. மலியும்தான், அதனாலேயே ஒவ்வொரு வரியையும் போட்டுப் பார்க்கும் பழக்கம் வருகிறது. அச்சுப் புத்தகத்தின் முன்னால் அந்தத் துணிச்சல் பலருக்கு எழுவதில்லை.

சென்னையிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. அல்லாடி ராமகிருஷ்ணன் 1962 ஜனவரியில் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்துக்கு வெளிநாட்டு அறிஞர்கள் வந்து உரையாற்றினார்கள். அந்த உரைகள் ‘மேட்சயின்ஸ்’ அறிக்கைகள் என்ற பெயரில் குறிப்புகளாகத் தொகுக்கப்பட்டன. வந்தவர் விமானம் ஏறிய பிறகும் அவருடைய கணக்கு சென்னையிலேயே தங்கியிருந்தது.