விலைக்கு மேல் ஒரு காசும் வேண்டாம்: 'அல்ஹிலால்' எழுப்பிய கேள்வி

ஒரு பத்திரிகை யாருக்குச் சொந்தம்? அச்சகத்தின் உரிமையாளருக்கா, எழுதும் ஆசிரியருக்கா, விலை கொடுத்து வாங்கி வாசிப்பவருக்கா? நூறாண்டுகளுக்கு முன் இந்திய முஸ்லிம்களின் பத்திரிகையுலகில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. அதற்கு விடை சொல்ல முனைந்த ஓர் இளைஞர் முதலில் தம் இதழையும், பின்னர் தம் சுதந்திரத்தையும் இழந்தார்.

1912ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் கல்கத்தாவில் 'அல்ஹிலால்' என்னும் உருது வார இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் மௌலானா அபுல் கலாம் ஆஸாதுக்கு அப்போது வயது 23. அக்காலத்து உருது ஏடுகள் பெரும்பாலும் எழுத்தரின் கையால் எழுதப்பட்டுக் கல்லச்சில் அச்சாயின. அல்ஹிலாலோ அச்செழுத்துக் கோத்து, படங்களுடன் பொலிவாக வந்தது. இரண்டே ஆண்டுகளில் வாரத்துக்கு 26,000 படிகள் விற்றதாக ஆஸாத் தம் நினைவுகளில் குறிப்பிடுகிறார். புதிதாகச் சேர்ந்த சந்தாதாரர்கள் முந்தைய இதழ்கள் முழுவதையும் கேட்டமையால், முதல் மூன்று மாத இதழ்களை மறுபடியும் அச்சிட நேர்ந்ததாம்.

இதழ் தொடங்கிய நாட்களிலேயே, வசதி படைத்த ஒருவர் அதற்குப் பொருளுதவி செய்ய முன்வந்தார். இன்றைய நம் இதழாசிரியர்கள் அத்தகைய கடிதம் வந்தால் மகிழ்ந்து நன்றி கூறுவர். ஆஸாத் அதனை ஏற்க மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் காரணத்தையும் இதழிலேயே எழுதினார். ஒரு பத்திரிகை தனக்குரிய விலையைத் தவிர, தனிமனிதரிடமிருந்தோ கூட்டத்தாரிடமிருந்தோ வேறு தொகை பெறுவது அத்தொழிலுக்கே இழுக்கு என்பது அவர் கருத்து. கொடுப்பவரின் எண்ணம் தூயதாகவே இருக்கலாம். ஆனால், வாங்கிய கை நாளை அவரைப் பற்றி எழுத நேரும்போது தயங்கும். வாசகர் தரும் விலைக்கு அந்தத் தயக்கம் இல்லை. உண்மையைத் தவிர வேறெதையும் அது கைம்மாறாகக் கேட்பதில்லை.

செல்வந்தரின் பணத்தை மறுப்பது ஆசிரியரின் கையில் இருந்தது. அரசின் பிடியை மறுப்பது அவர் கையில் இல்லை. 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டப்படி, புதிதாக அச்சகம் தொடங்குவோரிடம் அரசு 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணைத்தொகை கேட்கலாம். எழுத்து அரசுக்கு உவப்பில்லையெனில் ஓர் ஆணையினாலேயே அத்தொகை பறிமுதலாகும். மீண்டும் அச்சிட விரும்பினால் 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டும். அதன் பின்னும் குற்றம் கண்டால் அச்சகமே பறிபோகும். கையில் பணமில்லாதவன் வாய் திறவாதிருக்க இதனினும் எளிய வழி வேறில்லை.

1913இல் கான்பூரில் சாலை அமைப்பதற்காகப் பள்ளிவாசல் ஒன்றின் உளூச் செய்யும் பகுதி இடிக்கப்பட்டது. ஆகஸ்ட் 3ஆம் நாள் அங்கே திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அல்ஹிலால் அதைப் பற்றி வாளாவிருக்கவில்லை. முதலில் 2,000 ரூபாய் கேட்கப்பட்டுப் பறிமுதலாயிற்று. பிறகு 10,000 ரூபாய் கேட்கப்பட்டது. உலகப் போர் மூண்ட 1914ஆம் ஆண்டின் நவம்பரில் இதழ் நின்றது. ஓராண்டு கழித்து ஆஸாத் 'அல்பலாக்' என்னும் பெயரில் மீண்டும் வெளிவந்தார். 1916இல் அரசு அவரையே வங்காளத்தை விட்டு வெளியேற்றியது. மூன்றாண்டுகளுக்கும் மேலாக ராஞ்சியில் அவர் காவலில் வைக்கப்பட்டார். 1927இல் அல்ஹிலால் மறுபடியும் தோன்றி, சில மாதங்களில் ஓய்ந்தது.

இவ்வரலாற்றை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம், தகும். ஆனால், அதில் ஒரு குறையும் உண்டு. அந்த இதழ் ஒரு மனிதரின் தோளில் மட்டுமே நின்றது. அவர் அகற்றப்பட்டதும் அதைத் தாங்க வேறு தோள் இல்லை. பல்லாயிரம் பேர் விலை கொடுத்து வாசித்தனர். எனினும், அதனைத் தொடர்ந்து காக்கும் அமைப்பு எதுவும் அவர்களிடம் இல்லை.

ஆசிரியருக்குப் பின் பத்திரிகை என்னவாகும் என்ற இதே கவலைக்கு, இங்கிலாந்தில் ஒரு குடும்பம் கண்ட வழி நம் சிந்தனைக்குரியது. 'மான்செஸ்டர் கார்டியன்' நாளேட்டின் ஆசிரியராக 57 ஆண்டுகள் இருந்தவர் சி. பி. ஸ்காட். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரைத் தம் நாடே ஆதரித்தபோது அவர் எதிர்த்து எழுதி, வாசகர் பலரை இழந்தார். 1932இல் சில மாத இடைவெளியில் அவரும், அவருக்குப் பின் ஆசிரியரான அவருடைய மகனும் இறந்தனர். மற்றொரு மகன் ஜான் ஸ்காட்டும் இறந்தால், வாரிசு வரி கட்டுவதற்காகவே பத்திரிகையை விற்க நேரிடலாம் என்னும் நிலை. 1936இல் ஜான் ஸ்காட் தம் உரிமை முழுவதையும் ஓர் அறக்கட்டளைக்கு ஒப்படைத்தார். 2008இல் சட்ட வடிவம் மாறினும், இன்றளவும் அந்த ஏடு அந்த அமைப்பின் உடைமையே.

இதைக் கேட்டதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? வக்ஃப் அன்றோ! உடைமையைத் தன்னிடமிருந்து விடுவித்து, விற்கவும் வாரிசாகப் பங்கிடவும் இயலாதபடி பொதுநன்மைக்கு நிறுத்திவிடும் முறை நம் முன்னோருக்குப் புதிதன்று. பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் நிலம் எழுதி வைத்தவர்கள் நம் ஊர்தோறும் உண்டு. ஓர் இதழுக்காக அவ்வாறு எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

நம்முடைய இதழ்கள் உண்மையை அஞ்சாமல் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆண்டுச் சந்தா கேட்டு வரும் கடிதத்தையோ மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுகிறோம். பின்னர் அவ்விதழ் ஒரு தனவந்தரின் அல்லது ஒரு கட்சியின் நிழலை நாடும்போது குறை கூறுகிறோம். அந்த நிழலுக்கு அதைத் துரத்தியதில் நம் பங்கும் உண்டு. செய்தி ஓர் அமானிதம். எழுதுபவரிடம் அதன் ஒரு பாதி இருக்கிறது. உரிய விலையைக் கொடுத்து அவரைப் பிறர் தயவிலிருந்து காக்கும் மறுபாதி வாசிக்கும் நம்மிடம் இருக்கிறது. இவ்வாண்டு நம் வீட்டுக்கு வரும் இதழ் ஒன்றுக்கேனும் அந்த விலையைக் குறித்த நாளில் செலுத்துவோமாக.