மூன்று குழந்தைகளின் தாயார்

திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொன்னால்தான் பழைய சென்னைவாசிகளுக்குப் புரியும். அந்தப் பெயருக்குப் பின்னால், முப்பது வயதில் மறுபடியும் பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்த ஒரு தாயாரின் கதை இருக்கிறது.

1845-இல் பிறந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது, பாரிஸ்டர் ஒருவரை மணந்து சென்னைக்கு வந்து சேர்ந்தாள். மூன்று குழந்தைகள் பிறந்தன. சௌக்கியமான வாழ்க்கைதான். ஆனால் இந்நாட்டுப் பெண்கள் பிரசவத்தில் படும் பாடு அவள் காதில் விழுந்தது. அந்தக் காலத்தில் கோஷாப் பெண்களையும் மேல்ஜாதிப் பெண்களையும் அந்நிய ஆடவன் தொட்டுப் பார்க்கக் கூடாது. அவன் டாக்டராகவே இருந்தாலும் சரி. சுகப்பிரசவமானால் மருத்துவச்சி போதும். சிக்கலாகிவிட்டால் கடவுள்தான் துணை. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உயிரை விட்டவர்கள் எத்தனை பேரோ!

மேரி முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றாள். அது போதாதென்று கண்டு, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். அவளோடு சேர்ந்த பெண்கள் இன்னும் மூவர். சர்ஜன் ஜெனரல் பால்ஃபர் இதற்கு ஆதரவாக நின்றார். லண்டன் சர்வகலாசாலை தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது 1878-இல்தான் என்பதை நினைத்தால், நம் சென்னையைப் பற்றிச் சிறிது கர்வப்படலாம்.

"வெள்ளைக்காரக் குடும்பம், ஆயாவுக்கும் சமையற்காரனுக்கும் என்ன குறைச்சல்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏழைத் தாயாருக்கு அந்த வசதி ஏது? ஆனாலும் பிணத்தை அறுத்துப் பார்க்கும் கூடத்தில் ஆயா போய் நிற்க முடியாது. பரீட்சையைச் சமையற்காரன் எழுத முடியாது. பிள்ளை பரீட்சைக்குப் படித்தால் வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். தாயார் படித்தால் அப்படி யார் அடக்குகிறார்கள்?

1878-இல் சென்னைப் படிப்பை முடித்தவள் அத்துடன் நிற்கவில்லை. லண்டனுக்குப் போய் மறுபடியும் மாணவியானாள். 1882-இல் எம்.பி., பி.எஸ். பட்டத்தோடு பிரசவ சாஸ்திரத்தில் தங்கப் பதக்கமும் பெற்றாள். வியன்னாவில் மேற்பயிற்சி. 1883-இல் சென்னைக்குத் திரும்பி, 1885-இல் ஜாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரியைத் தொடங்கி வைத்தாள். 1887-இல் உடல்நலம் குன்றி இங்கிலாந்துக்கே போய்விட்டாள்.

படித்ததோ ஏழு வருஷம். பட்டத்தோடு திரும்பி வந்து சென்னையில் உழைத்ததோ நாலு வருஷம். கணக்கப்பிள்ளை பார்த்தால் நஷ்டம் என்றுதான் எழுதுவார். ஆனால் ஆஸ்பத்திரி நின்றது. அதே மருத்துவக் கல்லூரியில் 1912-இல் நம் முத்துலட்சுமி ரெட்டி தேறி வெளிவந்தார். அவருக்குப் பின் எத்தனை ஆயிரம் பெண்கள்!

இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நர்ஸ் படிப்புக்குப் போகும் பெண்ணைப் பார்த்து, "இந்த வயதில் என்ன படிப்பு?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வலி எடுத்துத் துடிக்கும் பெண், பக்கத்தில் வந்து நிற்பவள் எந்த வயதில் படித்தாள் என்று ஒருநாளும் கேட்பதில்லை.